மருக்கொழுந்து வாங்கியவள்

மன்னார்குடி
4-9-1978

வைதேஹிக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

வத்சலாவின் கல்யாணம் நின்றுவிட்டது. திருவானைக்காவலிலிருந்து மாப்பிள்ளைப் பையன் ஜம்புவின் அப்பா நாலு வரி எழுதியிருக்கிறார். 'சில குடும்பக் காரணங்களால் மேற்கொண்டு பேசுவதற்கில்லை.' என்ன காரணம் என்று அவர் எழுதவில்லை. அவர் எழுதாததை, நம் தெருவில் மூன்றாம் வீட்டில் இருக்கும் ஜம்புவின் அத்தை குழாயடியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மகளிர் நிகழ்ச்சியில் உன் பேச்சு வந்தது. டெல்லியில் பதிவு செய்து திருச்சிக்கு அனுப்பினார்களாம். என் பெண்ணும் நானும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். புற்றுநோய்ச் சங்கத்துக்காகப் பேசினாய். நன்றாகத்தான் ஆரம்பித்தாய். அப்புறம், 'எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருந்தார். மார்பில் வந்த புண்ணை யாருக்கும் சொல்லாமல், அதன் வாடை தெரியாதிருக்க ரவிக்கைக்குள் மருக்கொழுந்து வைத்துக்கொண்டே செத்துப்போனார்' என்றாய். அந்த இடத்தில் உன் குரல் உடைந்தது. செய்தியில் ரயில் விபத்து, புயல், யுத்தம் எதை வாசித்தாலும் உடையாத குரல்.

மன்னார்குடியில் ரவிக்கைக்குள் மருக்கொழுந்து வைத்துக்கொண்ட அம்மாள் எத்தனை பேர் என்று நினைத்தாய்? பூக்காரர் கலியன் தினமும் இரண்டு கட்டு நம் வீட்டில் கொடுத்ததைத் தெருவே பார்த்தது. இந்த வயதில் என்ன அலங்காரம் என்று அம்மாவைக் கேலி செய்தவள்தான் அந்த அத்தை. இப்போது கணக்குப் போட்டுவிட்டாள். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கு வரும், பேத்திக்கு வரும் என்று தன் அண்ணாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.

அம்மா மாரடைப்பில் போனாள் என்றுதான் உலகத்துக்கே சொல்லியிருந்தோம். உனக்கும் அதைத்தான் சொன்னேன். முதல் வருஷத் திதிக்கு நீ வந்தபோது, கிணற்றடியில், மனசு தாங்காமல் உன்னிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். ஒருத்தரிடமும் சொல்லவில்லை, வாஸ்தவம். தமிழ்நாடு முழுக்கச் சொன்னாய்.

வத்சலா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராஜம்


லோதி ரோடு, புது டெல்லி
14-9-1978

அன்புள்ள ராஜம் அக்காவுக்கு வைதேஹி அநேக நமஸ்காரம்.

உன் கடிதத்தை ரேடியோ நிலையத்தில் வைத்துப் படித்தேன். யமுனையில் வெள்ளம், ஊருக்குள் பாதி இடம் தண்ணீர், பத்து நாளாக வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. இவர் தபாலைக் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்தார். படித்து முடித்தவுடன் வெள்ளச் செய்தி கைக்கு வந்தது. எட்டு நிமிஷத்தில் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கி வாசிக்க வேண்டும். வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று தெரியாது.

தப்பு செய்துவிட்டேன் அக்கா. சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மருக்கொழுந்து நம் வீட்டு விலாசம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நான் அப்போது அந்த வீட்டில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஆனால் ஏன் பேசினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சங்கத்தின் இலவசப் பரிசோதனைக்குப் போகிறேன். டாக்டர் மல்ஹோத்ராவுக்கு ஹிந்தியும் இங்கிலீஷும்தான் வரும். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்று நம் ஜனங்கள் குடிசை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து வரும் பெண்களுக்கு ஹிந்தி கடைவீதிக்குப் போதும், உடம்பைச் சொல்லப் போதாது. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். செய்திக்குச் செய்யும் அதே வேலைதான்.

பவுனு என்று ஒருத்தி. விருத்தாசலம் பக்கம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மார்பில் கட்டி, நெல்லிக்காய் அளவு. காட்டவே மாட்டேன் என்றாள். "செத்தா செத்துட்டுப் போறேன், ஆம்பள கேட்டா என்னான்னு சொல்றது?" என்றாள். என்ன சொல்லியும் அசையவில்லை. கடைசியில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மருக்கொழுந்தைச் சொன்னேன். எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். ஆபரேஷன் ஆகி இப்போது மறுபடி வேலைக்குப் போகிறாள்.

அவளுக்குச் சொன்னதை ரேடியோவில் சொன்னால் நூறு பேர் எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். வத்சலாவை நினைக்கவில்லை. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

வைதேஹி


மன்னார்குடி
25-9-1978

வைதேஹிக்கு,

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

ஜம்புவின் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. பேச்சில் சொன்ன அம்மாள் கற்பனை, சங்கத்தார் கேட்டதற்காக ஜோடித்துச் சொன்னது, எங்கள் தாயார் மாரடைப்பில்தான் காலமானார் என்று எழுது. உன் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போடு. அவர் தினமும் ஏழே காலுக்கு உன் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறவர். நீ சொன்னால் நம்புவார். கடிதத்தை எனக்கு அனுப்பு. எப்போது கொடுக்க வேண்டுமோ அப்போது நான் சேர்ப்பிக்கிறேன்.

உன் பவுனுவின் கதையைப் படித்தேன். பிழைத்தாள், சந்தோஷம். ஆனால் அம்மாவின் கதையை எடுத்து அவளுக்குக் கொடுத்தாயே, அது உன்னுடையதா? அம்மாவின் புண்ணை நீ பார்த்திருக்கிறாயா? பதினோரு மாதம் காலையில் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவித் துணி மாற்றியவள் நான். மருக்கொழுந்து வாங்கியவள் நான். அப்பாவுக்குத் தெரியாது. உன் அத்திம்பேருக்குத் தெரியாது.

டாக்டரிடம் போகலாம் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. அம்மா சொன்னது ஒன்றுதான். "வத்சலாவுக்குப் பதிமூணு வயசாறது. இது வெளியில தெரிஞ்சா நாளைக்கு அவளை யார்டி கேட்டுண்டு வருவா?" இதற்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு செத்தாள். ஏழு வருஷம் கழித்து நீ பத்து நிமிஷத்தில் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கினாய்.

யுத்தம் ஆரம்பித்து எட்டாம் நாள் போனாள். யுத்த சமயம், லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று நீ தந்தி கொடுத்திருந்தாய். அன்று காலையும் செய்தி வாசித்தாய். ரேடியோவைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. மிளகு போட்டு வெந்நீர் குடிக்கச் சொல்லி எழுது" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. இதை உனக்கு எழுதவில்லை. நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

கடிதத்தை அனுப்பு.

ராஜம்


புது டெல்லி
12-10-1978

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். என்னால் முடியவில்லை.

இவர் சொல்கிறார்: "ஒரு பொண்ணோட வாழ்க்கை. நாலு வரி பொய் எழுதினா என்ன குடி முழுகிடும்? நீ என்ன ஹரிச்சந்திரனுக்குப் பேத்தியா?" இல்லைதான். வீட்டில் எத்தனையோ பொய் சொல்கிறேன். ஆனால் பதினாலு வருஷமாக என் பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தி வாசிக்கிறேன். அந்தப் பெயரைப் போட்டு, புற்றுநோய் வந்த அம்மாள் ஒருத்தியும் இல்லை, எல்லாம் கற்பனை என்று எழுதினால், அந்தப் பேச்சைக் கேட்டு எழுந்து போனவர்களுக்கு என்ன பதில்? சங்கத்துக்கு முப்பத்தாறு கடிதம் வந்திருக்கிறது. கரூர், சிவகாசி, பேராவூரணி என்று எங்கெங்கிருந்தோ. 'நானும் காட்டப் போகிறேன்' என்று ஒரு வரி. சிலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியவில்லை, யாரையோ கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

வேறு எது சொன்னாலும் செய்கிறேன். திருவானைக்காவலுக்கு நானே வந்து அவர்கள் காலில் விழச் சொல், விழுகிறேன்.

அம்மா சொன்னதை எழுதினாய். தினமும் நிலையத்துக்குப் போகும் முன் வெந்நீர் போடுகிறேன். குடிக்க முடியவில்லை.

வைதேஹி


மன்னார்குடி
20-10-1978

(அஞ்சல் அட்டை)

முப்பத்தாறு பேருக்கு நீ வேண்டும். அவர்களோடு இரு. வத்சலாவைக் கூடப்பிறந்தவள் பெண் என்று இனி நினைக்க வேண்டாம். கடிதம் எழுத வேண்டாம். காலையில் ரேடியோவை இப்போதெல்லாம் போடுவதில்லை.

ராஜம்


புது டெல்லி
28-11-1978

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

நீ கேட்ட கடிதம் உள்ளே இருக்கிறது. கேட்டபடியே எழுதியிருக்கிறேன். அம்மாள் கற்பனை. தாயார் மாரடைப்பு. கீழே என் கையெழுத்து. ஒட்டவில்லை, நீ படித்துவிட்டு ஒட்டிக்கொள்.

எழுத வைத்தது வத்சலா. நீ போட்ட அட்டைக்கு ஒரு வாரம் கழித்து அவள் எழுதியிருந்தாள். உனக்குத் தெரிந்திருக்காது. கோபமாக ஒன்றும் இல்லை. 'சித்தி, குளிக்கும்போதெல்லாம் எனக்கும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். அம்மா பார்க்காதபோது மறுபடியும் பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தாள். இருபது வயதுப் பெண். இதை நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்குப் பெயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதிய கையோடு அங்கே போய் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டாவது பேச்சு கேட்டிருந்தார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். போன சனிக்கிழமை பவுனு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏம்மா நீங்க வரல? எங்க வரிசையிலேர்ந்து புதுசா ரெண்டு பேரக் கூட்டியாந்தேன். அந்த டாக்டரம்மா அச்சா அச்சாங்குது, இதுங்க முழிக்குதுங்க" என்றாள். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பொய் எழுதினால் அடுத்தது தானாக வருகிறது.

பொய் என்று எழுதும்போது இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. யுத்தத்தின்போது லீவு தரவில்லை என்று தந்தி கொடுத்தேன் அல்லவா. நான் லீவு கேட்கவேயில்லை. எல்லாரும் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தோம், நாடே கேட்டுக்கொண்டிருந்தது, அந்தச் சமயத்தில் மைக்கை விட்டுப் போக எனக்கு மனசில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலிதானே, சரியாகிவிடும் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

அதனால்தான் அந்தப் பேச்சு. பவுனுவுக்காக, ஊருக்காக என்று உனக்கு எழுதினேன். அதுவும் நிஜம்தான். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்தபோது நான் அம்மாவைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஏழு வருஷம் தாமதமாக.

கடிதத்தைச் சேர்ப்பித்துவிடு.

வைதேஹி


மன்னார்குடி
6-1-1979

சௌபாக்கியவதி வைதேஹிக்கு ராஜம் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. லீவு விஷயத்தைப் படித்தபோது, நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். இரண்டு நாள் சமையல்கூடச் சரியாகச் செய்யவில்லை. அதை இன்னொரு நாள் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது வேறு அவசரம்.

மார்கழியில் யாரும் சம்பந்தப் பேச்சுக்குப் போகமாட்டார்கள். எனக்கோ தை பிறந்தால் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்களே என்று பயம். உன் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை தனியாகவே பஸ் ஏறித் திருவானைக்காவலுக்குப் போனேன். கோவிலுக்கு என்று உன் அத்திம்பேரிடம் சொன்னேன்.

ஜம்புவின் அப்பா வெளியே போயிருந்தார். மாமி மட்டும் இருந்தாள், ஜம்புவின் அம்மா ருக்மிணி. பெண் பார்க்க வந்தபோது வத்சலாவின் தலையை அவ்வளவு ஆசையாகத் தடவிக்கொடுத்தவள், இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்காருங்கோ என்றாள். காபி கலந்து கொண்டுவந்தாள். டம்ளரை வைக்கக் குனிந்தாள் பார், அப்போது வந்தது.

மருக்கொழுந்து வாசனை. தலையில் ஒரு பூ இல்லை.

வைதேஹி, நீ மருக்கொழுந்தை ரேடியோவில் சொன்னாய். அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருக்கும். அது உனக்குத் தெரியாது. பதினோரு மாதம் அதை முகர்ந்தவளுக்குத்தான் தெரியும். உறையைக் கொடுக்கப் பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாமி, எத்தனை நாளா வச்சுக்கறேள்?"

"எதை?"

"மருக்கொழுந்தை."

நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஆவணியிலேர்ந்து. அதுக்கு முன்னாடி சந்தனம் அரைச்சுப் பூசிண்டிருந்தேன், அது நிக்கலை. உங்க தங்கை ரேடியோல சொன்னாளே, அப்பதான் தெரிஞ்சுண்டேன்."

"டாக்டர்கிட்டப் போகணும்னும் அவ சொன்னாளே."

"அதையும் கேட்டேன். பயமா இருந்தது. இது சுலபமா இருந்தது."

உன் பத்து நிமிஷத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கல்யாணத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நாத்தனார் கடிதத்தைக் காட்டி அகத்துக்காரரை நிறுத்தச் சொன்னது மாமிதான். வியாதி ஒட்டும் என்றா? இல்லை. "உங்காத்துப் பொண்ணு இங்க வந்தா ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவா. அவ அந்த வாசனையிலேயே வளர்ந்தவ" என்றாள். பிறகு உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தித் தானாகவே காட்டினாள். புண் வாய் திறந்திருக்கிறது, ஆனால் சின்னது. அம்மாவுக்குக் கடைசியில் இருந்ததில் கால்வாசி இல்லை. வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டேன். என் கை அதை மறக்கவில்லை.

அடுப்பு அணையாமல் இருந்தது. உன் கடிதத்தை உறையோடு அதில் போட்டேன். அது என்ன என்று மாமி கேட்டாள். தப்பு விலாசம் என்றேன்.

டாக்டரிடம் போகலாம் என்று சாயங்காலம் வரை மன்றாடினேன். அம்மாவிடம் தோற்றது போல இவளிடமும் தோற்றுவிடுவேனோ என்று இருந்தது. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த ரேடியோக்காரி பக்கத்துல இருந்தா வரேன். அவ குரல்னா எனக்குத் தைரியம்." அடையாறு ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்து எழுது. அவளை நான் சென்னைக்குக் கூட்டிவருகிறேன். நீ வர வேண்டும். லீவு கேள்.

கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அதைக் கேட்டால் நான் மனுஷி இல்லை.

வத்சலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாதம் கழித்து அன்றுதான் அழுதாள். சித்தி மறுபடி பேசினால் பாட்டி என்றே சொல்லட்டும் என்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். 'எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள்' வேண்டாம். அம்மா என்று சொல்.

ராஜம்

காலையில் ரேடியோ போடுவதில்லை என்று எழுதினேன். பொய். டிசம்பர் பதினெட்டிலிருந்து நாலு நாள் உன் பெயர் வரவில்லை. காய்ச்சலா?


புது டெல்லி
13-1-1979

அன்புள்ள அக்காவுக்கு வைதேஹி அநேக நமஸ்காரம்.

காய்ச்சல்தான். இப்போது சரியாகிவிட்டது.

இன்று சனிக்கிழமை. சங்கத்துக்குப் போனேன். பவுனு யாரையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, தலைவலி விட்டுதா என்று கேட்டாள், அவ்வளவுதான். டாக்டர் மல்ஹோத்ரா சென்னைக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். ஜனவரி 29, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாமியைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கிடைக்கவில்லை. பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

அது வரை தினமும் யாராவது மாமிக்குக் கழுவிவிட வேண்டுமாம். கொதித்து ஆறின தண்ணீர், சுத்தத் துணி, வேறு எதுவும் வேண்டாம். மருக்கொழுந்தை வைக்க வேண்டாம் என்று சொல். இனி மறைக்க வேண்டியதில்லை என்று சொல்.

அந்த வாசனைக்கு அடியில் ஒன்று இருக்கும் என்று எழுதினாயே, அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் சொன்னது பாதிக் கதை அக்கா. மீதி உன்னிடம் இருந்தது. புதிய பேச்சு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஏற்கெனவே மருக்கொழுந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு அம்மாளிடம் நேராகப் பேசுவதாக எழுதுகிறேன். முதல் வரியில் அம்மாவின் பெயர் இருக்கிறது. சென்னைக்கு எடுத்துவருகிறேன். நீ படித்துத் திருத்திய பிறகுதான் பதிவு.

லீவு கேட்டேன். குடியரசு தின வாரத்தில் யாராவது லீவு கேட்பார்களா என்றார் எங்கள் பொறுப்பாளர். நான் கேட்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை அக்கா. அன்றைக்கும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

வியாழக்கிழமை 25ஆம் தேதி சாயங்காலம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இருப்பேன். 26 காலை ஏழே காலுக்கு ரேடியோவைப் போடு. வேறு யாருடைய பெயராவது சொல்வார்கள். என் பெயர் வரவில்லையே என்று கவலைப்படாதே. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

வைதேஹி